ஒரு குழாய் சேறு

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு எல்லாம் தெரியும். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடியில் ஓரி விழா. ரொம்ப சந்தோஷம். ஓரி காலத்தில் இந்த மலையில் மழை எப்படிப் பெய்தது? சாமையும் தினையும் விதைக்கக் காட்டை எப்போது எரிக்க ஆரம்பித்தார்கள்? விழா மேடையில் யாராவது இதைப் பேசி நீங்கள் கேட்டதுண்டா?

இதற்குக் கல்வெட்டில் பதில் கிடைக்காது. சேற்றில் கிடைக்கும்.

ஏரியிலும் சதுப்பிலும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் வண்டல் படிகிறது. கூடவே இலை, மகரந்தம், காட்டுத் தீயின் கரித்தூள். கீழே பழசு, மேலே புதுசு. இலை உதிர்ந்த நாளிலிருந்து அதிலுள்ள கார்பன்-14 தேய்கிறது; 5,730 வருஷத்தில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் அந்த அடுக்கின் வயசு. சுமார் 50,000 வருஷம் வரை போகலாம். பி.காம். படித்த எனக்கு இது பேரேடு மாதிரிதான் தெரிகிறது. யாரும் திருத்தி எழுத முடியாத பேரேடு!

ஜப்பானில் சுய்கெட்சு என்றொரு ஏரி. அதன் அடியில் பல்லாயிரம் வருஷத்துக்கு, வருஷா வருஷம் படிந்த மெல்லிய அடுக்குகள். அடுக்கை எண்ணி, அதில் கிடைத்த இலைகளை அளந்து, 2012-ல் 'சயின்ஸ்' இதழில் கணக்கு கொடுத்தார்கள். 52,800 வருஷக் கணக்கு! மர வளையம் எட்டாத பழசுக்கு வயசு சொல்ல, இன்று உலகமே அந்தச் சேற்றையும் கேட்டுக்கொள்கிறது.

நம்மால் ஆகாதா? நீலகிரி சாண்டிநல்லா சதுப்பின் மக்கிய மண்ணை வைத்து ஆர்.சுகுமார் குழு 20,000 வருஷப் பருவநிலையைப் படித்து, 1993-லேயே 'நேச்சர்' இதழில் எழுதியாயிற்று. பழனி மலை குக்கல் ஏரிச் சேற்றையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால், நமக்குப் பெருமை சொல்லும் வயசுதான் பிடிக்கும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஃப்ளோரிடா போய், கி.மு. 580 என்று திரும்பி வந்ததும் 2019-ல் என்ன கொண்டாட்டம்! நியாயமான கொண்டாட்டம்தான். அதே முறையில் பஞ்சத்துக்கும் வறட்சிக்கும் வயசு கண்டுபிடிக்கலாம் என்றால் ஒருத்தரும் காது கொடுப்பதில்லை.

அதற்குள் பொக்லைன் வந்துவிடுகிறது. தடுப்பணைக்கு, படகுத்துறைக்கு, தூர் வார. எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் உண்டு: 'காலங்காலமாகத் தூர் வாரின ஏரியில் அடுக்கெல்லாம் கலங்கியிருக்கும், அதில் என்ன வயசு?' சமவெளி ஏரிகளுக்கு இது பெரும்பாலும் சரி. அதனால்தான் அதிகம் கலங்காத மலைச் சதுப்புகளுக்கு மவுசு. அங்கேயும் ஒரே நாளில் நாலு லாரியில் ஏற்றிவிட்டால் முடிந்தது கதை. எரித்த பேரேட்டை எந்த ஆடிட்டரும் படிக்க முடியாது.

தூர் வாராதே என்று சொல்லவில்லை, சாமி. தண்ணீர் முக்கியம், வண்டல் விவசாயிக்குப் போகட்டும். வெட்டுவதற்கு முந்தின நாள் ஒரு குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் சேற்றை எடுத்து வையுங்கள். அளக்க ஃப்ளோரிடா போக வேண்டியதுகூட இல்லை. புதுடெல்லியிலேயே கருவி இருக்கிறது. நாமக்கல்லில் அடுத்த டெண்டர் போடும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்க எந்த அதிகாரி தயார்?