மாமனார் வீட்டுத் துப்பாக்கி

என் மாமனாரிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜியை வாயில் வைத்தபடி நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். ஆசாரத்துச் சுவரில், தாத்தா படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே, இரண்டு மர முளைகளின் மேல் ஹாயாகப் படுத்திருந்தது. இரட்டைக் குழல். பன்னிரண்டு போர். "பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். அந்த நிலைமையில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஊர், சத்தியமங்கலத்துக்குப் பக்கம். காடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மக்காச்சோளம் போட்டால் பாதி நமக்கு, பாதி பன்றிக்கு என்று எழுதாத ஒப்பந்தம். மாமனாரின் அப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய லைசென்ஸ். அவருக்குப் பிறகு கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து மாமனார் தன் பேருக்கு வாங்கிக் கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் இதுவரை சுட்டது வானத்தை மட்டும்தான். ஒரு தடவைகூடக் குறி தப்பியதில்லை.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். ரசீது வீட்டுக்கு வரும். ரிசல்ட் எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு துப்பாக்கியும் வரும். "எலெக்ஷனுக்கு எலெக்ஷன் ரெஸ்ட் எடுக்கறது நம்மூர்ல அது ஒண்ணுதானுங்க மாப்ள" என்பார்.

மற்ற நாளெல்லாம் சுவர்தான். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், மறுவீட்டுப் படங்கள் அத்தனையிலும் என் தலைக்கு நேர் மேலே இரண்டு குழலும் தெரியும். என் சிரிப்பில் ஒரு பணிவு இருப்பதாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

போன கோடை லீவுக்கு எல்லோரும் அங்கேதான் இருந்தோம். மத்தியானம். கம்மஞ்சோறு தின்ற மயக்கத்தில் பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தோம். ஏதோ இழுபடுகிற சத்தம். அப்புறம் 'டிஷ்யூம்' என்று என் எட்டு வயது மகனின் குரல்.

கண்ணைத் திறந்தேன். பெஞ்சின் மேல் முக்காலி போட்டு ஏறியிருக்கிறான். மூன்று கிலோ கனம். தூக்க முடியாமல் கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைத் தோளில் சாய்த்துக் கொண்டிருந்தான். குழலின் வாய் போன திசையில் ஊஞ்சல். ஊஞ்சலில் நான்கு வயசு சின்னவள், இரண்டு கையையும் தூக்கிக் கொண்டு 'கண்ணாமூச்சி இல்ல, போலீஸ்-திருடன்' என்று சிரிக்கிறாள்.

நான் எழுந்திருப்பதற்குள் மாமனார் கட்டிலை விட்டுத் தாவிவிட்டார். அறுபத்தெட்டு வயசில் அப்படி ஒரு தாவல்! பையன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, குழலைத் தரைப்பக்கம் திருப்பி, "பயப்படாதீங்க மாப்ள, உள்ளாற தோட்டா இல்லீங்க. அதெல்லாம் பரண்ல ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்குது" என்றார்.

சொல்லிக் கொண்டே பிடியைத் தள்ளித் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். முதல் குழலைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார்.

காலிதான். ஆனால், இல்லை என்று நிச்சயமாய்த் தெரிந்தவர் எதற்காகப் பார்க்க வேண்டும்? நான் இதை யோசித்துக் கொண்டிருக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன யோசிக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பத்து மணிக்கு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "மாப்ள, நல்லதா ஒரு பொட்டி பாருங்க. செலவப் பத்தி நெனைக்காதீங்க."

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இரண்டாவது வாக்கியத்தை நான் கேட்டது அதுவே முதல் முறை.

நான் பி.காம். ஒரு பொருள் வாங்கு என்றால் முதலில் நோட்டு வாங்குவேன். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியது: 'துணி வைக்கிற பீரோ போதாதா?' இரண்டாவது பக்கத்தில் எழுதியது: 'போதாது.'

காரணம், தகடு. தகட்டின் கனத்தைக் கேஜ் என்கிற கணக்கில் சொல்கிறார்கள். அது தலைகீழ்க் கணக்கு. எண் ஏற ஏறத் தகடு மெலியும். 22 கேஜ் தகடு முக்கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர். 10 கேஜ் 3 மில்லிமீட்டரைத் தாண்டும். சாதாரண பீரோக்கள் மெலிந்த கோஷ்டி. சாவி தொலைந்தால் தெருமுனை ஆள் ஸ்குரூடிரைவரோடு வந்து, நாம் காபி போடுவதற்குள் திறந்துவிட்டுக் காபியும் குடித்துவிட்டுப் போகிறாரே, அந்த ரகம்.

இதில் வேடிக்கை, துப்பாக்கியின் போரும் இதே தலைகீழ்தான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று கச்சிதமாக நுழைகிற குழல் 12 போர். இருபதாக உருட்டினால் உருண்டை சின்னது, குழலும் சின்னது. ஆக, 20 போரை விட 12 போர் பெரிசு. இந்த மாதிரி நான் பேலன்ஸ் ஷீட் போட்டிருந்தால் இன்னும் அரியர்ஸ் எழுதிக் கொண்டிருப்பேன்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய கடை. நான், மாமனார், 'நானும் வருவேன்' என்று அடம் பிடித்த பையன். சேல்ஸ்மேன் வரவேற்றார்.

"எதுக்கு ஸார் ஸேஃப்? நகைக்கா, டாக்குமெண்ட்டுக்கா?"

"துப்பாக்கிக்கு."

இரண்டு நிமிஷத்தில் காபி வந்தது. ஸார், அண்ணா ஆனது.

அவர் காட்டியது, பார்க்க மைக்ரோவேவ் அவன் மாதிரி இருந்தது. எங்கள் துப்பாக்கியோ நாலடி நீளம். "அண்ணா, குழலைத் தனியா, கட்டையைத் தனியா கழட்டி வெச்சுக்கலாமே" என்றார். யோசனை தப்பில்லை. இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சுலபமாகக் கழற்றலாம். ஆனால் குழலே முப்பது அங்குலம். அந்தப் பெட்டியில் குறுக்காக வைத்தாலும் நுழையாது.

பக்கத்தில் ஆளுயரத்தில் ஒன்று நின்றது. டிஜிட்டல் பூட்டு. ஆறு இலக்க நம்பர். "அய்யா, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு நம்பரைப் போடுங்க. பிரம்மா வந்தாலும் திறக்க முடியாது" என்றார் சேல்ஸ்மேன். மாமனார் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் கொண்டு, ரகசியமாக ஆறு தடவை அமுக்கினார். கதவு மூடியது. பிரம்மா வரவில்லை. என் பையன் போனான். ஆறு தடவை அமுக்கினான். கதவு திறந்து கொண்டது.

"எப்பட்றா கண்ணு?" என்றார் மாமனார், திகைத்துப் போய்.

"அப்புச்சி, உங்க போனுக்கும் என் பர்த்டேதான். அமுச்சி போனுக்கும் என் பர்த்டேதான். வேற என்ன போடுவீங்க?"

சேல்ஸ்மேன் காபி டம்ளர்களை எடுத்துக் கொண்டு உள்ளே போனார்.

எனக்கு அங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் இவ்வளவு நேரமாகத் திருடனுக்குப் பெட்டி தேடிக் கொண்டிருந்தேன். கடப்பாரையோடு வருகிறவனுக்கு. எங்கள் ஆள் கடப்பாரையே எடுக்க மாட்டான். அவனுக்கு வீட்டில் எது எங்கே இருக்கும், யார் எப்போது தூங்குவார்கள், யாருக்கு யார் மேல் உசிர் என்று எல்லாம் தெரியும்.

கடைசியில், ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிற ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் பெரியவர். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் விரல் மொட்டியால் பெட்டியைத் தட்டிக் காட்டுவார். நல்லது 'தொம்' என்றது. சுமாரானது 'டங்' என்றது. அவரிடம் ஒரு மணி நேரத்தில் கற்றுக் கொண்டது, மூன்று வருஷம் காலேஜில் கற்றதை விட அதிகம்.

எல்லோரும் கதவின் கனத்தைத்தான் பார்க்கிறார்களாம். திருடன் கதவைத் தொடவே மாட்டானாம், பக்கத்தைத்தான் கிழிப்பானாம். அதனால் உடம்புத் தகட்டையும் கேள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் அங்கே நெம்புகோலும் நுழையும். கீல் வெளியே தெரிந்தால் பரவாயில்லை. ஆனால் கீல் பக்கமும் கதவிலிருந்து இரும்புத் தண்டு சட்டத்துக்குள் போக வேண்டும். அப்போதுதான் கீலை அறுத்தாலும் கதவு வராது. பூட்டுக்கு முன்னால் கடினமாக்கிய எஃகுத் தகடு ஒன்று இருந்தால் டிரில் வழுக்கும். ஓரங்களில் வெல்டிங் விட்டுவிட்டுப் பொட்டு வைத்த மாதிரி இல்லாமல் ஒரே கோடாக ஓட வேண்டும்.

"எவ்வளவு நேரம் தாங்குமுங்க?" என்றார் மாமனார்.

இதற்கு நான் நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னேன். அமெரிக்காவில் யு.எல். என்று ஒரு பரிசோதனை நிறுவனம் இருக்கிறது. அங்கே வீட்டு உபயோகப் பெட்டி என்ற முத்திரையின் முதல் படிக்கு, ஆள் கைக்கருவிகளோடு 5 நிமிஷம் தாக்கியும் பெட்டி திறக்காமல் இருக்க வேண்டும்.

"அஞ்சு நிமிசந்தானுங்களா!"

"நாய் குலைக்க ஒரு நிமிஷம், நீங்க எந்திரிக்க ரெண்டு நிமிஷம்" என்றார் பட்டறைக்காரர். அவர் பேசிய மிக நீளமான வாக்கியம்.

நெருப்பைப் பற்றியும் கேட்டேன். சுவருக்குள் ஜிப்சம் பலகை வைத்துத் தருவார்களாம். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், ரசாயனமாகக் கட்டுண்டு கிடக்கிறது. நெருப்புப் பட்டால் அது ஆவியாகி உள்ளே சூடு ஏறாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். மாமனார் உடனே, 'வூடே எரியறப்ப துப்பாக்கிய யாரு நெனைப்பா?' என்று ஜிப்சத்தை ரத்து செய்துவிட்டார். செலவைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொன்னதன் எல்லை அதுதான் போலிருக்கிறது. எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அவர் லைசென்ஸ், அவர் பணம்.

தோட்டாவுக்கு உள்ளேயே தனி அறை, தனிச் சாவி. இதில் மட்டும் நான் விட்டுக் கொடுக்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு விடுதலை கொடுத்துவிட்டோம். இப்போது அதில் பெருங்காயம் இருக்கிறது.

பெட்டி வந்து இறங்கிய அன்று நடந்தது தனிக் கதை. 'யாருக்கும் தெரியாம எறக்குங்க' என்று பட்டறைக்காரர் எச்சரித்திருந்தார். ஆகவே தார்ப்பாயைச் சுற்றி, சாயங்காலம் இருட்டின பிறகு கொண்டு வந்தோம். தார்ப்பாயைச் சுற்றியதால் ஊரே வந்துவிட்டது! 'மாப்ள என்னமோ வாங்கியிருக்கறாரு' என்பதிலிருந்து 'பொதையல்' வரை பேச்சு போனது. நூற்று நாற்பது கிலோவை ஆறு பேர் தூக்கினார்கள். அறுபது பேர் யோசனை சொன்னார்கள்.

இந்தக் கனம் போதாதா, சும்மா நிறுத்தினால் என்ன என்று நினைக்கக் கூடாது. ஆறு பேர் உள்ளே தூக்கியதை நான்கு பேர் வெளியே இழுத்துப் போவார்கள். அடியில் நான்கு துளை வழியாகத் தரையில் போல்ட் போட வேண்டும். அந்தக் காலத்து வீடு. சிமெண்டு மெழுகலுக்குக் கீழே வெறும் ஜல்லியும் மண்ணும்தான். கொத்தனாரைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் மட்டும் தோண்டி கான்கிரீட் போட்டு, தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, அதன் மேல் நிறுத்தினோம். உயர்த்தியது எதற்கு என்றால், அமுச்சி வெள்ளிக்கிழமை தோறும் வீட்டைக் கழுவி விடுவார். இரும்புப் பெட்டிக்குத் தண்ணீரும் ஒன்று, திருடனும் ஒன்று.

எல்லாம் முடிந்தது. சாவிப் பூட்டுதான், நம்பர் வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானம். இரண்டு சாவி. ஒன்றை மாமனார் டவுனில் தன் பேங்க் லாக்கரில் வைத்தார். இன்னொன்றை அமுச்சி பத்திரமாக வாங்கி வைத்தார்.

மறுநாள் காலை பல் தேய்த்துக் கொண்டிருக்கிறேன். பையன் வந்து உள்ளங்கையை நீட்டினான். சாவி.

"ஏதுடா?"

"சாமி ரூம்ல ஆணியில தொங்குச்சுப்பா. எல்லாச் சாவியும் அங்கதான தொங்கும்?"

மூன்று மில்லிமீட்டர் எஃகு, கான்கிரீட், நான்கு போல்ட், ஆறு ஆள் கூலி. அத்தனையும் ஒரு ஆணியில் தொங்கியிருக்கிறது! என் மனைவி அவள் அம்மாவைப் பார்த்தாள். அமுச்சி சாமி படத்தைப் பார்த்தார். மாமனார் ஒன்றும் பேசவில்லை. சாவியை வாங்கித் தன் அருணாக்கயிற்றில் முடிந்து கொண்டார். இப்போது குளிக்கும்போதும் அங்கேதான், தூங்கும்போதும் அங்கேதான். திரும்பிப் படுத்தால் குத்துகிறதாம். குத்தட்டும் என்கிறார்.

சுவரில் இரண்டு முளை மட்டும் இருக்கிறது. இடையில் துப்பாக்கி வடிவத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையாய்த் தெரிகிறது. அந்த இடத்தில் பேரன் பேத்தி படம் மாட்டலாமா என்று கேட்டதற்கு, 'பாக்கலாமுங்க' என்றார். இன்னும் மாட்டவில்லை.

ஆயுத பூஜைக்குப் போயிருந்தோம். பெட்டி திறந்தது. துப்பாக்கியை எடுத்து, மடக்கித் திறந்து, இரண்டு குழலையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். எட்ட நின்ற பையனைக் கூப்பிட்டார். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் கொண்டு வந்தான்.

"என்ன கண்ணு தெரியுது?"

"வெளிச்சம், அப்புச்சி."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அதற்குப் பிறகுதான் மணையில் வைத்துச் சந்தனம், குங்குமம் எல்லாம். பூஜை முடிந்ததும் துணி உறையில் போட்டு உள்ளே வைக்கப் போனார். "மாமா, உறை வேணாம். துணி ஈரத்தை இழுக்கும், துரு ஏறிடும். சந்தனத்தைத் துடைச்சுட்டு எண்ணெய் தடவி அப்படியே வைங்க" என்றேன்.

"அமுச்சி, கேட்டுக்க. துப்பாக்கியத் தொட்டதே இல்ல, மாப்ள எனக்குப் பாடம் எடுக்கறாரு" என்றார், வேட்டியை விலக்கி அருணாக்கயிற்றைத் தடவிக் கொண்டே.