மஞ்சள் மீனும் எங்கட டிரைவ்வேயும்

கனடாவின் பல நகரங்களில், வீதியோர மழைநீர்க் குழிகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் மீன் ஒன்று வரைந்திருக்கும். 1991இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் பள்ளிப் பிள்ளையள் வரைந்தவை. இதற்குள் ஊற்றுவது நேரே ஓடைக்குப் போகும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு அல்ல என்பதுதான் சேதி.

ஒன்ராறியோவில் இன்னொரு முயற்சியும் நடக்குது. 19ஆம் நூற்றாண்டின் முடிவோடு ஒன்ராறியோ ஏரியில் அற்றுப்போன அத்லாந்திக் சால்மனை மீட்கும் திட்டம் 2006இல் தொடங்கியது. அதில் சேர்ந்த வகுப்பறைகளில் பிள்ளையள் முட்டையைத் தொட்டியில் பொரிக்க வைத்து, வசந்தத்தில் குஞ்சுகளை ஓடையில் விடுகிறார்கள். (இலையுதிர் காலத்தில் ஸ்காபரோ ஹைலண்ட் கிறீக்கில் நாங்கள் படம் எடுக்கிற சினூக் சால்மன் வேறு. அது பசிபிக்கிலிருந்து கொண்டுவந்தது.)

நல்ல வேலைதான். ஆனால் குஞ்சு போய்ச் சேருகிற தண்ணி எப்படியிருக்கு? குளிர்காலத்தில் வீதிக்கும் பிளாசாத் தரிப்பிடங்களுக்கும் கொட்டுகிற உப்பு கரைந்து ஓடைக்குத்தான் வருகுது. அது மக்கிப் போகாது. நிலத்தடி நீரில் தங்கிக் கோடையிலும் ஊறி வரும். லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட் என்பது, நன்னீர் உயிர்களுக்கு நீண்ட காலத்தில் தீங்கில்லாத அளவாகக் கனடா வைத்திருக்கிற வரம்பு. அதைத் தாண்டினால் கல்லுக்கடியில் இருக்கிற பூச்சிப் புழுக்கள் குறையும். குஞ்சு மீனுக்கு அதுதான் சாப்பாடு.

உயர்பள்ளிப் பிள்ளையள் 40 மணிநேரத் தொண்டுக்காக ஒரு சனிக்கிழமை மரம் நட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போறதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரே வகுப்பு, ஒரே இடத்துக்கு, பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் போய் உப்பை அளக்கட்டும். கல்லைப் புரட்டி எண்ணட்டும். இரண்டு வருசக் கணக்கோடு நகரசபை உறுப்பினரிடம் ஒரு பிள்ளை போய் நின்றால் அவர் தட்டிக்கழிக்கிறது கஷ்டம்.

அந்தக் கணக்கு எங்கட வீட்டு வாசலுக்கும் வரும். பிளாசா வைத்திருக்கிற தமிழர் கனபேர். டிரைவ்வேயில் வாளி வாளியாய் உப்புக் கொட்டுகிறவர்களும் நாங்கள்தான். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். கிணற்றை நம்பி வளர்ந்த அம்மம்மாவுக்கு, தண்ணி உவரானால் என்ன நடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லத் தேவையில்லை. பேரப்பிள்ளையின் வகுப்பு ஓடைக்குப் போற நாளில் அவவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.