வேலை இரண்டு ஊரில், வீடு எந்த ஊரில்?



"அக்கா, எனக்கு ரெண்டு எடத்துல வேல இருக்கு. எந்த எடத்துல குடியிருக்கிறதுன்னுதான் தெரியல்ல."

சில மாதங்களுக்கு முன் ஒரு மழைநாளில் என்னிடம் வந்த ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. கேட்டவுடன் சிறிய கேள்வியாகத்தான் தெரிந்தது. அதற்குள் எத்தனை கேள்விகள் ஒளிந்திருந்தன என்பது போகப்போகத்தான் எனக்கு விளங்கியது.

அவருடைய பெற்றோர் மலையகத்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின்னர் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. இவர் பிறந்தது, வளர்ந்தது, மணமுடித்தது எல்லாம் வன்னியில்தான். 2009 மே மாதத்தில் கணவர் காணாமற் போனார். கைக்குழந்தையோடு மெனிக் பாம் முகாமுக்குப் போனார். 2012 இல் அந்த முகாம் மூடப்பட்ட வருடம், பெரியம்மாவைத் தேடி பொல்பிட்டியவுக்கு அருகில் உள்ள தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது பதினேழு வயது. ஹட்டனில் உயர்தரம் படிக்கிறாள்.

சகோதரிக்குக் கிடைத்த வேலைகள் இரண்டு. வாரத்தில் மூன்று நாள் ஹட்டனில் ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பராமரிப்பது. மற்ற மூன்று நாள் கித்துல்கலயில் ஒரு விடுதியில் சமையல் உதவி. ஒன்றை விட்டால் வாழ்க்கைச் செலவுக்குப் போதாது. பொல்பிட்டியவோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பொல்பிட்டியவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா வரை போகும் பிரதான வீதியிலிருந்து விலகி, பள்ளத்தாக்குக்குள் இருக்கும் ஊர் இது. 1969 இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால்தான் நாடு இதன் பெயரை அறிந்தது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இந்தப் பகுதியில்தான் ஒன்றாகிக் களனி கங்கையாகின்றன. மேலே வட்டவளைப் பக்கம் இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழை பலத்தால் பஸ் பிந்தும். மண் சரிந்தால் பஸ்ஸே வராது.

எனக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. திருமணம் முடித்தபோது நான் ஹட்டனில் வேலை செய்தேன். கணவருக்கு அவிசாவளையில் வேலை. "அவிசாவளைக்கு வந்துவிடு, அங்கேயும் வேலை கிடைக்கும்" என்றார்கள் அவருடைய வீட்டார். ஆண் இருக்கும் இடம்தான் குடும்பத்தின் இடம் என்பது நம் சமூகத்தில் எழுதாத சட்டம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அதைப் பற்றிப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் மாமியார் முன்னால் அதை எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கடைசியில் நானும் கணவரும் ஒரு கொப்பித் தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

அப்போது கண்டுகொண்ட விடயம் இதுதான். இரண்டு வேலைத்தலங்களும் ஒரே வீதியில் இருந்தால், இடையில் எந்த ஊரில் குடியிருந்தாலும் இருவரும் போகும் மொத்தத் தூரம் ஒன்றுதான். ஹட்டனில் இருந்தால் முழுத் தூரமும் அவர் தலையில். அவிசாவளையில் இருந்தால் முழுத் தூரமும் என் தலையில். நடுவில் இருந்தால் பாதி பாதி. ஆகவே "எங்கே இருந்தால் பயணம் குறையும்?" என்பதல்ல கேள்வி. "பயணத்தை யார் சுமப்பது?" என்பதே கேள்வி. நாங்கள் நடுவில் என் அம்மாவின் வீட்டோடு இருக்கத் தீர்மானித்தோம். இருவருக்கும் காலை எழும்புவது கஷ்டம்தான். ஆனால் இருவருக்கும் ஒரே கஷ்டம்.

இந்த அனுபவத்தின் பெருமையில் அந்தச் சகோதரிக்கும் அவசரமாகக் கணக்குப் போட்டேன். "பொல்பிட்டியவிலேயே இருங்கள். லயத்துக்கு வாடகை இல்லை. தூரமும் ஒன்றுதான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மகளோடு வந்தார். மகள் வாசலில் நின்றபடி, "மிஸ், நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள். "அம்மா வெள்ளனயே போயிருவாங்க. இருட்டினதுக்கு அப்புறம்தான் வருவாங்க. நான் டியூசன் முடிஞ்சு கடைசி பஸ்ல வந்து சந்தியில எறங்கி தனியா நடந்து போகணும். அம்மா எங்க இருந்தாலும் சரி. ராவுல நான் இருக்கிற எடத்துல இருக்கணும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிள்ளையின் நாளை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. கிலோமீற்றரை எண்ணினேனே ஒழிய, எத்தனை பஸ் மாற வேண்டும், சந்தியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், இறங்கிய பிறகு வீதியில் வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இருபது கிலோமீற்றர் பஸ்ஸில் உட்கார்ந்து போவதைவிட, இருட்டில் ஒரு கிலோமீற்றர் நடப்பது தூரம்.

"அப்படியானால் ஹட்டனுக்கே மாறிவிடலாமே" என்றேன். அம்மா பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவர் வந்தா இந்த விலாசத்துக்குத்தானே வருவார் அக்கா."

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இந்த வார்த்தையை நான் விளக்கத் தேவையில்லை. காணாமற் போனோர் பற்றிய அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியபோது அவர் கொடுத்தது பெரியம்மாவின் லயத்து முகவரியை. எந்தக் கடிதம் வந்தாலும் அங்கேதான் வரும். வீடு மாறுவது என்றால் காத்திருப்பதைக் கைவிடுவது போல அவருக்குத் தோன்றியது. அதற்கு என்னிடம் கணக்கு இருக்கவில்லை. நீண்ட நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மூவருமாகச் சேர்ந்து யோசித்தோம். கித்துல்கலவுக்குக் கொழும்பிலிருந்து படகுச் சவாரிக்கு ஆட்கள் அதிகம் வருவது வார இறுதியில்தானே! விடுதிக்காரரிடம் பேசி, சிதறிக் கிடந்த மூன்று நாட்களையும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று சேர்த்துக்கொண்டார். ஹட்டன் வேலை செவ்வாய், புதன், வியாழன். திங்கட்கிழமை அவருக்குக் கிடைத்த ஓய்வு நாள். இன்னொரு பெண்ணோடு பங்கு போட்டு ஹட்டனில் ஓர் அறை எடுத்தார். பாடசாலை நாட்களில் தாயும் மகளும் அங்கே. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் மகள் பகல் வெளிச்சத்திலேயே பெரியம்மாவின் லயத்துக்குப் போய்விடுவாள். தாயும் வேலை முடிந்து அங்கேயே வருவார். ஹட்டனுக்கும் லயத்துக்கும் இடையிலான நீண்ட பயணம் வாரத்தில் ஒரு தடவை இறங்குவது, ஒரு தடவை ஏறுவது என்று சுருங்கியது. பழைய விலாசமும் அப்படியே இருக்கிறது.

வாடகை புதிய சுமைதான். ஆனால் பஸ் கட்டணத்தில் மிஞ்சியது அதில் ஒரு பகுதியை அடைக்கிறது என்கிறார்.

உங்களில் யாருக்காவது இப்படியொரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தால், நான் பிந்திக் கற்றுக்கொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் ஒரு நாளையும் காலை முதல் இரவு வரை எழுதுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். சந்தியில் காத்து நிற்கும் நேரத்தையும் சேருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது தவறினால் என்ன வழி என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றபோது தூரத்தில் இருந்தவர்கள்தான் முதலில் வேலையை இழக்கும் நிலைக்கு வந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இரண்டாவது, வீட்டை மாற்றுவதற்கு முன் வேலை நாட்களை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

மூன்றாவது, மலைப்பகுதியில் மலிவான அறையைக் கண்டதும் முற்பணம் கொடுக்காதீர்கள். பின்னால் உள்ள மண்மேட்டைப் பாருங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததையும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தில் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்த இடமா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

நான்காவது, விலாசம் மாறினால் அதை எழுத்தில் அறிவியுங்கள். அஸ்வெசும கொடுப்பனவு, வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பாடசாலை அனுமதி எல்லாம் விலாசத்தில் தொங்குபவை. காணாமற் போனவர் தொடர்பாக முறைப்பாடு கொடுத்திருந்தால் அந்த அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பழைய இடத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள்.

அந்தச் சகோதரியும் அதைத்தான் செய்தார். லயத்துக் காம்பராவின் கதவுக்கு உட்புறம் ஒரு தாளில் ஹட்டன் அறையின் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். எழுதிக் கொடுத்தவள் மகள். பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "வாறவருக்குத் தெரியும்தானே" என்கிறார் சகோதரி.

அடுத்த மாதம் சந்திப்போம்.