கூட்டாளி இல்லாத வேலையை யார் பார்த்தது?

போன மாதம் மாசாயில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் எனக்கு எதிரே எங்கள் உறவுக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஸ்கூடாயில் பட்டப்படிப்பு முடித்தவள், இப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வேலை எப்படிம்மா என்று யாரோ கேட்டார்கள். "வேலை ஓகேதான் மாமா. பேசத்தான் ஆளில்லை. காலேஜ் ஞாபகமாவே இருக்கு" என்றாள். அதற்குள் பக்கத்தில் இருந்த பெரியவர் இலையை மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வேலைக்குப் போறது காசு பாக்கம்மா. கூட்டாளி புடிக்கவா போற?" பந்தியே தலையாட்டியது. இன்னொருவர் ஒத்து ஊதினார்: "நாங்கல்லாம் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க. தனியா இருக்குன்னு யார்கிட்டப் போய்ச் சொன்னோம்?" அந்தப் பெண் லேசாகச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

இந்தப் பேச்சை எங்கேதான் கேட்கவில்லை? கல்யாண மண்டபத்தில், கோயில் வாசலில், மாமாக் கடை மேசையில், எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகளுக்கு நடத்தும் வழிகாட்டிக் கருத்தரங்கில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் மனசு இல்லை, படிப்பு முடிந்தால் ஆட்டம் முடிந்தது, வேலையிடம் என்றால் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டே இருக்கவேண்டும். இதைச் சொல்கிறவர்கள் யார்? தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம், தோட்டத்துத் தமிழன் சொல்லலாமா?

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போவார். தனியாகவா போவார்? லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார், அதற்கடுத்த வீட்டிலிருந்து சித்தி வருவார், நாலு பேராய்ச் சேர்ந்து நடப்பார்கள். அம்மாவுக்கு அடுத்த நிரையில் வெட்டியவர் அவருடைய சொந்த நாத்தனார். மரத்துக்கு மரம் குரல் கொடுத்துக்கொண்டே வேலை நடக்கும். முதல்நாள் சண்டை, யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து வந்த கடிதம், எல்லாம் அங்கேதான். வேலைக்கு நடுவில் வட்டமாக உட்கார்ந்து பசியாறினார்கள், ஒருத்தர் குழம்பை இன்னொருத்தர் ருசி பார்த்தார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் தெரிந்தவர்தான். மாலையில் அதே ஆட்கள் திடலில், அதே ஆட்கள் மாரியம்மன் கோயிலில், திரை கட்டிப் படம் போட்டால் அதே ஆட்கள் பாயோடு. செத்தால் தூக்கியவர்களும் அதே ஆட்கள். இப்படி இருந்துவிட்டு, "தனியா இருக்குன்னு யார்கிட்டப் போய்ச் சொன்னோம்" என்று கேட்கிறார் ஒருவர். சொல்லியிருக்க வேண்டிய தேவை எங்கே ஐயா இருந்தது? ஒரு நாளாவது நீங்கள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறீர்களா?

அதுவும் எதேச்சையாக அமைந்தது இல்லை. கங்காணி தன் ஊருக்குப் போய்த் தன் சொந்தக்காரர்களையும் பக்கத்துத் தெரு ஆட்களையும்தான் கூட்டிக்கொண்டு வந்தான். 1938-இல் இந்திய அரசு அதற்குத் தடை போடும்வரை அப்படித்தான் ஆட்கள் வந்தார்கள். கடல் கடந்து வருகிறவனுக்குக் கப்பலிலேயே ஊர் கூட வந்தது. தோட்டத்தை நான் சொர்க்கமென்று சொல்லவில்லை. கடன் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, மண்டோரின் வாய் இருந்தது, துரைக்கு முன்னால் கூனிக்குறுகி நிற்பது இருந்தது. அத்தனையையும் அவர்கள் தாங்கினார்கள் என்றால் பக்கத்து நிரையில் ஆள் இருந்தது என்பதால் தாங்கினார்கள். அந்த ஆளை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒரு மாதம் தாங்குமா உங்கள் வைராக்கியம்?

இப்போது அந்தப் பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டோடு கம்பெனி பஸ் ஏறுகிறாள். ஏறியதும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், சிப்டு அலுப்பு. உள்ளே போனால் முகமூடி, காதடைப்பான், இயந்திரச் சத்தம். பேசவேண்டுமென்றாலும் பேச முடியாது. ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்குப் போகிறாள். மலாய்க்காரப் பெண்கள் ஒரு மேசையில், அவர்களில் பாதிப் பேர் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சீனர்கள் ஒரு மேசையில், மாண்டரினில் சிரிக்கிறார்கள். நேப்பாளத்து ஆட்களுக்கு ஒரு மேசை, வங்கதேசத்து ஆட்களுக்கு ஒரு மேசை. யாரும் அவளை விரட்டவில்லை, யாரும் கெட்டவர்கள் இல்லை. உட்காரச் சொன்னால் இடம் விடுவார்கள், மலாயில் நாலு வார்த்தை விசாரிப்பார்கள், பிறகு அவரவர் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். அவள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கிறாள். அவளுடைய பிரிவில் மற்ற எல்லாருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கின்றன. அவர்கள் பேச்சு பால்மாவும் வீட்டுக் கடனும். நகைச்சுவை என்று அவள் ஏதாவது சொன்னால் அதை விளக்கவேண்டியிருக்கிறது. நாள் முழுக்க அவள் பெயரைச் சரியாக உச்சரித்துக் கூப்பிட ஒரு வாய் கிடையாது. இதைச் சொன்னதற்குத்தான் பந்தியில் அத்தனை பேர் தலையாட்டல்.

காலேஜ் ஞாபகம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது கூத்தும் கும்மாளமும்தான். பிள்ளைகள் எதை நினைத்து ஏங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்களா? கெடாவிலிருந்து ஒருத்தி, பேராக்கிலிருந்து ஒருத்தி, பகாங்கிலிருந்து ஒருத்தி. ஒரே விடுதி மாடி. பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரு மெகி பொட்டலத்தை நாலு பேர் பங்கிட்டார்கள். பொங்கல் விழாவுக்குக் கோலம் போட்டார்கள், நாடகத்துக்கு வசனம் எழுதிச் சண்டைபோட்டார்கள், காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார்கள். சொல்லப்போனால் அது லயத்து வாழ்க்கைதான். அம்மாக்கள் தோட்டத்தில் பெற்றதைப் பிள்ளைகள் மூன்று நான்கு வருடம் விடுதியில் பெற்றார்கள். பட்டமளிப்பு விழா முடிந்ததும் ஒருத்தி கோலாலம்பூர், ஒருத்தி பினாங்கு, ஒருத்தி சிங்கப்பூர். ஒரே வாரத்தில் ஒரு லயமே காலியானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வீடு போனதைவிடக் கூட இருந்தவர்கள் சிதறிப்போனதுதான் வலித்தது என்று இதே பெரியவர்கள் கண்கலங்கிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வந்தால் கண்ணீர், பிள்ளைக்கு வந்தால் பலவீனமா?

பழகிவிடும், பழகிவிடும் என்கிறார்கள். எதனால் பழகும்? அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தேன். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கே சுமார் 50 மணி நேரம் ஒன்றாகக் கழிக்கவேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறார். வேலை செய்துகொண்டே பக்கத்தில் நிற்கும் மணிகள் அந்தக் கணக்கில் பெரிதாகச் சேர்வதில்லை, சும்மா இருந்து பேசிய மணிகள்தான் சேர்கின்றன. விடுதியில் அந்த 200 மணி நேரம் ஒரு தவணைக்குள் வந்துவிடும். அரைமணி கேண்டீன் ஓய்வில், அதுவும் தனி மேசையில், எந்த நூற்றாண்டில் வரும்? பிரிட்டன் 2018-இல் தனிமையைக் கவனிக்க ஓர் அமைச்சரையே நியமித்தது. மாசாயில் நமக்கு அது சிரிப்பாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது வேறொரு காரணத்தால். வேலையிடத்தில் கூட்டாளி வேண்டாமென்ற பாடம் யாருக்கு இனிக்கும்? முதலாளிக்கு. ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத தொழிலாளிகள் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்களே, அந்தத் தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப்போகும் உரிமை கேட்டார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக அனுமதி. அதைக் கேட்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. காசு பார்க்கப் போன இடத்தில் எதற்கு நண்பன் என்று அவர்கள் நினைக்கவில்லை. சம்பளத்தோடு சேர்த்தே கேட்டார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் முன்பின் தெரியாதவர்கள் கூடியதாலா? மரத்தடியில் ஒன்றாகப் பசியாறியவர்களால்தான் ஒன்றாக வேலையை நிறுத்தவும் முடிந்தது. அவர்களுடைய பேரன்கள் இன்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து முதலாளியின் பாடத்தை இலவசமாக நடத்துகிறார்கள்.

கம்பெனிகள் இதில் சளைத்தவை இல்லை. வருட விருந்தில் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பதாகை கட்டுகிறார்கள், மறுநாள் ஓய்வு நேரத்தில் ஐந்து நிமிடம் குறைக்கிறார்கள். இன்றைக்கு ஒரு சிப்டில் இருப்பவளை நாளைக்கு வேறு சிப்டுக்கு மாற்றுகிறார்கள், பழகத் தொடங்கிய முகத்தை மறுபடி பார்க்க இரண்டு மாதமாகிறது. ஓவர்டைம் செய்யாதவனைச் சோம்பேறி என்று குறிக்கிறார்கள்.

நாமும் காசைத் தவிர வேறு எதைக் கேட்கிறோம்? ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால் முதல் கேள்வி எவ்வளவு சம்பளம், இரண்டாவது கேள்வி ஏன் சிங்கப்பூர் போகவில்லை. பெர்மாஸ் ஜெயாவிலும் ஸ்ரீ ஆலாமிலும் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 1924-இல் திறந்த பாலத்தின் மேல் மழையில் நனைந்துகொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில் நிற்கிறார்கள். இரவு வீடு திரும்பினால் குளித்துப் படுக்கத்தான் நேரம். வாரத்தில் ஆறு நாள் இப்படி. அவன் அனுப்பும் வெள்ளியில் வீட்டுக்குக் கூரை மாற்றியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அவனிடம் யாராவது கடைசியாக எப்போது வயிறு வலிக்கச் சிரித்தாய் என்று கேட்டதுண்டா? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கினால் அதற்கும் ஒரு ஏச்சு.

அதான் போன் இருக்கே என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதே போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று திட்டுவதும் அவர்களேதான். வாட்சாப் குழுவில் இருக்கும் கூட்டாளி கேண்டீன் மேசையில் எதிரே வந்து உட்கார முடியுமா?

இந்தப் பிள்ளைகளுக்கு வேலை நேரத்துக்கு வெளியிலாவது கூடுவதற்கு இடம் வைத்திருக்கிறோமா? நம் கோயில்களுக்குப் பக்கத்தில் மண்டபங்கள் கட்டியிருக்கிறோம். குளிர்சாதனம் போட்டிருக்கிறோம், நன்கொடையாளர் பெயரைக் கல்லில் செதுக்கியிருக்கிறோம். கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டு தொங்குகிறது. இருபது வயதுக்காரர்களை நாம் கூப்பிடுவது திருவிழாவில் நாற்காலி அடுக்கவும் தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும். வந்தவர்களை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் தன்முனைப்புச் சொற்பொழிவு. அவர்கள் பேச நாம் கேட்ட கூட்டம் ஒன்றைக் காட்டுங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்த மண்டபத்தைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, ஒரு பானை தேத்தண்ணி வைத்துவிட்டுப் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் போதும். கேரம் ஆடட்டும், பாட்டுப் பாடட்டும், சூப்பர்வைசரைத் திட்டிக்கொள்ளட்டும். எங்கள் வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்தில் இதைக் கேட்டுவிட்டேன். மின்கட்டணம் யார் கட்டுவது என்று திருப்பிக் கேட்டார்கள். நான் கட்டுகிறேன். சாவியைக் கொடுங்கள்.