பழங்காசை மினுக்காதீர்கள்

பழங்காசு வாங்கி விற்கும் வன்னிச் சகோதர வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளி ஐம்பது சதத்தைப் புளி போட்டு மினுக்குவது நஷ்டம்.

விற்பவரே தரம் சொன்னால் வாங்குபவர் தயங்குவார். இதற்காகவே அமெரிக்காவில் 1986இல் பீசீஜீஎஸ், 1987இல் என்ஜீசீ நிறுவனங்கள் தோன்றின. மூன்றாம் ஆளாக நின்று பரிசோதித்து, 1 முதல் 70 வரை புள்ளியிட்டு, இலக்கமிட்ட பிளாஸ்டிக் உறையில் காசை அடைக்கின்றன. மினுக்கிய காசுக்குப் பொதுவாகப் புள்ளி கிடையாது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்பே கிடைக்கும்.

உறையிலும் போலியுண்டு. இலக்கத்தை அந்நிறுவன இணையத்தளத்தில் சரிபார்த்தே வாங்குங்கள்.

மலிவான காசை அனுப்பினால் கட்டணமே விலையை விழுங்கிவிடும். அதற்கு வவுனியாக் கடையில் நீங்களேதான் தரம் சொல்ல வேண்டும். அப்போது குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரிடமே வாடிக்கையாளர் திரும்ப வருவார் என்பது என் கருத்து.