பழைய ரம்பம் வாங்கப் போகிறீர்களா? பல்லைப் பிடித்துப் பாருங்கள்!



சென்ற இதழில் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் இடும் முறையைப் பார்த்தோம். இந்த முறை கொஞ்சம் முரட்டுச் சாமான். தோட்டத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மரம் அறுக்கும் செயின்சா ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. வாங்கினால் வேலை முடிந்த நேரத்தில் நாலு வெள்ளி சம்பாதிக்கலாம். ஆனால் என் மனைவி சீட்டுப் பணத்தை எடுத்துத் தர யோசிக்கிறாள். என்ன செய்வது?"

அந்த அம்மாள் யோசிப்பதில் தவறே இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இதுவோ தானமாக வருவதல்ல. குடும்பத்துப் பணம் கொடுத்து வாங்குவது. அதுவும் மாட்டைவிட நிறையப் பல் உள்ளது! ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள். இது யார்? உள்ளே உயிர் இருக்கிறதா? என் கையையும் முகத்தையும் இது காக்குமா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், முதல் இரண்டுக்கும் என்ன பதில் வந்தாலும் பயனில்லை.

இது யார்?

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாயம் யாரும் அடிக்கலாம். ரம்பத்தின் உடலில் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் தேடுங்கள். ஸ்டில் ரம்பங்களில் ஒன்பது இலக்க வரிசை எண் எஞ்சினின் உலோக உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஹஸ்க்வர்னாவில் சிறு தகடு ஒன்று இருக்கும். புதிய மாடல்களில் எண்ணின் முதல் நான்கு இலக்கம் செய்த வருடம், அடுத்த இரண்டு வாரம். எண்ணை அரத்தால் தேய்த்து அழித்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக் கொள்ளுங்கள். திருட்டுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் போலீசும் பின்னாலேயே வரும். ரசீது இருந்தால் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விற்பவர் கையெழுத்தோடு ஒரு தாளாவது இருக்கட்டும்.

நம் நாட்டில் பழைய ரம்பம் என்றால் அடிக்கடி கண்ணில் படுவது ஸ்டில் 070. 1968-இல் வந்த மாடல், 106 சி.சி. எஞ்சின், தகடும் சங்கிலியும் பூட்டினால் பத்துக் கிலோவுக்கு மேல். வெட்டுமரக் காடுகளில் உழைத்துப் பெயர் எடுத்தது. பெயர் எடுத்த சாமானுக்குப் போலி வராமல் இருக்குமா? இதே உருவத்தில் சீனாவில் செய்த நகல்கள் ஏராளம். நகல் என்பதாலேயே அது வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. ஆனால் நகலுக்கு அசல் விலை கொடுக்கக் கூடாது. மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். அசலில் உள் பாகங்களிலும் கம்பெனியின் பெயரும் பாக எண்ணும் இருக்கும். வெளியே ஒட்டுத் தாளில் மட்டும் பெயர் இருந்து, உள்ளே வார்ப்பின் ஓரங்கள் பிசிறு தட்டிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

உள்ளே உயிர் இருக்கிறதா?

விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். ஆறும்வரை ஒரு தேநீர் குடித்துவிட்டு, குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் எழுகிறது என்று பாருங்கள்.

அடுத்து, கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் நன்றாகத் தடுக்க வேண்டும். அப்படித் தடுக்காமல் வழவழவென்று வந்தால் எஞ்சினுக்கு மூச்சு இல்லை. மெக்கானிக்கிடம் அழுத்தமானி இருந்தால் இன்னும் நல்லது. 150 பி.எஸ்.ஐ. அளவில் காட்டினால் திடமான எஞ்சின். 110-க்குக் கீழே போனால் செலவு காத்திருக்கிறது.

இப்போது சொல்லப் போவதுதான் மிக முக்கியம். புகைபோக்கியைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய கோடுகளோடு வழுவழுப்பாக இருந்தால் நலம். மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டியதுபோல் கீறல்கள் இருந்தால், எண்ணெய் போதாமல் ஒரு தடவை இறுகிப்போன எஞ்சின் அது. எத்தனை மெருகு போட்டாலும் அந்தக் கீறலை மறைக்க முடியாது. ஐந்து நிமிட வேலை இது. "அதெல்லாம் கழற்ற முடியாது" என்று விற்பவர் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்து விடுங்கள்.

கையைக் காக்குமா?

சங்கிலி ஓடும் நீண்ட தகட்டின் மூக்கு, அதிலும் மூக்கின் மேல் பாதி, மரத்தில் இடித்தால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். பிடித்து நிறுத்த எந்தப் பயில்வானாலும் முடியாது. அதற்காகத்தான் 1970-களிலிருந்து முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு காப்பு வைத்து, அது முன்னால் தள்ளப்பட்டதும் சங்கிலி நின்றுவிடும்படி பிரேக் அமைத்தார்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் காப்பை முன்னால் தள்ளுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். கையுறை போட்டுச் சங்கிலியை இழுத்தால் அசையக் கூடாது. ஓடும்போதும் ஒரு முறை சோதியுங்கள். சங்கிலி உடனே நிற்க வேண்டும். உடைந்த காப்பைக் கம்பியால் கட்டி விற்பவர்கள் உண்டு. அதை வாங்காதீர்கள். மேலே சொன்ன 070-இன் பழைய வார்ப்புகளில் இந்தப் பிரேக்கே கிடையாது. அது பல ஆண்டு பழகிய காட்டுத் தொழிலாளி கையில் இருந்த சாமான். ஓய்வு நேரத்தில் முதன்முதலாகப் பிடிப்பவருக்கு ஏற்றதல்ல. விலை மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர்களையும் அசைத்துப் பாருங்கள். அவை கிழிந்திருந்தால் அதிர்வு முழுவதும் கைக்கு வரும். வருடக் கணக்கில் அப்படி வேலை செய்தால் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும் நோய் வரும். பால் வெட்டிப் பிழைக்கும் கைக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

வாங்கிய பிறகு

முதலில் துப்புரவு. காற்று வடிகட்டியைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களுக்குள் எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து களிபோல் அடைந்திருக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். எஞ்சினைக் குளிர வைக்கும் காற்று அந்த வழியாகத்தான் போக வேண்டும். டாங்கிக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் விறைத்து வெடித்திருந்தால் மாற்றி விடுங்கள்; சில வெள்ளிதான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அது எஞ்சினின் நாக்கு மாதிரி நோயைச் சொல்லும். காப்பிப் பொடி நிறம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இதுதான் ஆபத்து. இடைவெளி பொதுவாக 0.5 மில்லிமீட்டர்.

பெட்ரோல் கலவையில் கை நடுங்கக் கூடாது. கம்பெனி சொல்லும் நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 50-க்கு 1. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. சாதாரண டூ-ஸ்ட்ரோக் எண்ணெயோடு ஓடும் பழைய ரம்பத்துக்கு 25-க்கு 1. 5 லிட்டருக்கு 200 மில்லி. கார் எஞ்சின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து வையுங்கள். எண்ணெயில் சில காசு மிச்சம் பிடித்தவர்தான் பிற்பாடு பிஸ்டனுக்குப் பணம் கட்டுகிறார்.

இனி கார்புரேட்டர். மூன்று திருகுகள் இருக்கும்: 'எல்', 'எச்', மூன்றாவது ஓய்வு வேகத்துக்கு. (கணினி பொருத்திய சில புதிய மாடல்களில் 'எல்', 'எச்' இரண்டும் இருக்காது; அவற்றில் கை வைக்க வேண்டாம்.) 'எல்', 'எச்' இரண்டையும் மெதுவாக அடிவரை மூடி, ஒரு சுற்றுத் திறந்து வையுங்கள். அழுத்தி மூடினால் முனை கெட்டுவிடும். எஞ்சின் சூடானதும் 'எல்' திருகை இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்பி, அதிவேகமாகச் சுழலும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்றுக்குள் இடப்பக்கம் திறந்து விடுங்கள். பிறகு மூன்றாவது திருகால் வேகத்தைக் குறையுங்கள். விசையை விட்டதும் எஞ்சின் ஓட வேண்டும். சங்கிலி ஓடக் கூடாது.

'எச்' திருகுக்குக் காதுதான் அளவுகோல். முழு விசையில் சும்மா ஓடும்போது சற்றே கரகரவென்று திக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தத் திக்கல் தெளிய வேண்டும். சும்மா ஓடும்போதே 'வீல்' என்று ஊளையிட்டால் பலம் கூடிவிட்டது என்று மகிழாதீர்கள். பெட்ரோலும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் கருகும் சத்தம் அது. உடனே திறந்து விடுங்கள்.

பல் தீட்டும் கலை

இன்று நாம் காணும் வளைந்த பல்லுக்கு ஒரு கதை உண்டு. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, அடிமரம் ஒன்றில் வண்டுப் புழு மரத்தைக் குடைவதைக் கவனித்தார். இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து, எந்தப் பக்கமும் சிக்காமல் முன்னேறியது புழு. அதன் தாடையைப் பார்த்தே சங்கிலிப் பல்லை அமைத்தார். அடுத்த ஆண்டு போர்ட்லந்து நகரில் சங்கிலி செய்யும் தொழிலையும் தொடங்கினார். ஆகவே இரு பக்கப் பற்களும் ஒரே அளவில் இருந்தால்தான் ரம்பம் நேராக இறங்கும்.

அரம் வாங்குமுன் சங்கிலியில் அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் தூரத்தை அளந்து பாருங்கள். 16.5 மில்லிமீட்டர் என்றால் 4.8 அரம், ஏறத்தாழ 18.6 என்றால் 5.2, 20.5 என்றால் 5.5. (சிறிய ரம்பங்களில் 18.6 தூரத்திலேயே குட்டைப் பல் சங்கிலி உண்டு, அதற்கு 4.0.) கையுறை போட்டு, 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. பல்லின் முன்னால் நிற்கும் சிறு திமில் பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறித் தேய்த்தால் ரம்பம் மரத்தைப் பிடித்து இழுக்கும்.

கூர்மைக்குச் சோதனை எளிது. துண்டு துண்டாகச் சீவல் விழுந்தால் கூர். மாவு மாதிரித் தூள் விழுந்தால் மழுங்கல். கித்தா மரம் அறுப்போருக்குத் தனி எச்சரிக்கை: மங்கு மாட்டிய பழைய கம்பியைப் பட்டை மூடி வளர்ந்திருக்கும். வெட்டுப் பட்டையைச் சுற்றிலும் தட்டிப் பார்த்து, கம்பியைப் பிடுங்கிவிட்டு அறுங்கள். அடிமரத்து மண்ணையும் சுரண்டி விடுங்கள். ஒரு நொடி மண்ணில் பட்டால் அரை மணி நேரம் தீட்ட வேண்டும்.

சங்கிலிக்கு நல்ல சங்கிலி எண்ணெய் விடுங்கள். லோரியில் வடித்த பழைய எண்ணெய் வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, தோலுக்கும் கேடு.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

அம்மா, சீட்டுப் பணத்தைத் தரலாம். ஆனால் மூன்று நிபந்தனை போடுங்கள். பிரேக் வேலை செய்ய வேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதுக் காப்பு, கெட்டிச் சப்பாத்து ஆகியவற்றின் விலையையும் ரம்பத்தின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். தனியாக மரம் அறுக்கப் போகக் கூடாது. கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஐயா, இன்னொன்று. ரம்பம் நம்முடையது என்பதால் மரமும் நம்முடையதாகி விடாது. அனுமதியில்லாமல் வனக் காப்பிலோ அரசாங்க நிலத்திலோ மரம் வெட்டுவது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். நிலத்துக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்தால் அந்தப் பழைய ரம்பம் பல வருடம் உங்களுக்குச் சோறு போடும். ஏதாவது ஒன்று இடித்தால், வேறு ரம்பம் வரும்வரை காத்திருங்கள். நல்ல ரம்பம் இன்னொன்று சந்தைக்கு வரும், விரல் வராது.

அடுத்த இதழில்: முதுகில் மாட்டும் புல்வெட்டி.