பட்டம் பார்த்துப் பாடம் நடத்த வேண்டும்

உழவர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிப் படி ஏறுவதற்கு அரசு பல வழிகளில் துணை செய்திருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வயலுக்குப் போகும் தாய் தந்தையரின் நிலை என்ன? கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைப்பவர்கள் இன்னும் உள்ளனர். பூச்சிமருந்து பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் நஞ்சு என்று நிறத்தைப் பார்த்தே அறியலாம். மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமை படிப்படியாகக் குறையும். ஆனால் ஏக்கருக்கு எவ்வளவு, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதெல்லாம் படித்தால்தான் தெரியும். கடைக்காரர் சொன்னதே அளவு என்றிருந்தால் பணமும் விரயம், உடம்புக்கும் கேடு.

முதியோர் கல்வி நமக்குப் புதிதல்ல. 15 முதல் 35 வயதுக்குட்பட்ட 10 கோடிப் பேருக்கு 5 ஆண்டுகளில் எழுத்தறிவு தர, 1978 அக்டோபர் 2-ல் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் திரளாகச் சேர்ந்தனர். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். பிழைப்புக்கு உதவும் ஒன்று பாடத்தோடு சேர்ந்து வந்தால் மக்கள் தாமே வருவார்கள் என்பதற்கு இது சான்று.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது உழவர் வழக்கம். படிப்புக்கும் பட்டம் உண்டு. நடவுக் காலத்தில் இரவு வகுப்பு வைத்தால், பகலெல்லாம் குனிந்து நட்ட பெண்ணுக்குத் தூக்கம்தான் வரும். காவிரிப் படுகையில் சம்பா அறுவடையும் உளுந்து எடுப்பும் முடிந்து, குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை வேலை குறைவு. அந்தக் கோடையில் நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 90 நாள் நடத்தினால் 180 மணி நேரப் படிப்பு கிடைக்கும். கிணற்றுப் பாசனப் பகுதிக்கும் மானாவாரிப் பகுதிக்கும் ஓய்வு மாதம் வேறு. எனவே கால அட்டவணையைச் சென்னையில் போடாமல், ஊராரைக் கேட்டு ஒன்றிய அளவில் முடிவு செய்வதே முறை.

பாடமும் உழவரின் கையில் உள்ளதாகவே இருக்கட்டும். உர மூட்டையில் 17:17:17 என்றால் தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 17 சதவீதம் என்று படிக்கட்டும். சிட்டா, பாஸ் புத்தகம், கடன் பத்திரம் ஆகியவற்றையும் பாடமாக வைக்கலாம். படித்தது மறந்துவிடாமலிருக்க ஊர் நூலகத்தை மாலையில் திறந்து வைப்பது அவசியம். மேலும் படிக்க விரும்புவோர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவும், தொலைதூரக் கல்வியில் சேரவும் வழிகாட்ட ஒன்றியத்துக்கு ஒருவரையாவது அரசு நியமிக்க வேண்டும்.

விதையைப் பட்டம் தவறிப் போட்டுவிட்டு நிலத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. முதியோர் கல்வித் திட்டங்களுக்கும் இது பொருந்தும். அரசு ஆவன செய்ய வேண்டும்.